கரும்பச்சைப் பட்டை

அந்தத் தெருக்களில் சுவர்களுக்கெல்லாம் பாவாடை கட்டிவிட்டவள் பெயிண்டரம்மாதான். எந்த வீட்டுக்குள் போனாலும் தரையிலிருந்து ஓர் உயரம்வரை கரும்பச்சை எண்ணெய்ப் பெயிண்ட், அதற்கு மேலே பால்வெள்ளை. இரண்டும் சேருமிடத்தில் கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். அழகுக்காக அடித்ததில்லை, அவ்வளவுதான்.

முதலில் அந்தப் பட்டை கணுக்கால் உயரம் இருந்தது. அவள் கல்யாணமாகி வந்த புதிதில் முழங்காலுக்கு ஏறியது. புருஷன் போய்ச் சேர்ந்த வருஷம் தொடை. இப்போது இடுப்பு. பாவாடை கீழ்ப்பக்கமாக நீளும் என்றுதான் நாமெல்லாம் கண்டிருக்கிறோம். அங்கே அது மேல்பக்கமாக நீண்டது.

காரணம் கடல். ஒரு காலத்தில் கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் இருந்தது, இப்போது கூப்பிடாமலே வந்தது. அலையடித்துக்கொண்டு வந்தால்கூடப் பரவாயில்லை, எதிரி வாசல் வழியாக வருகிறான் என்று கதவையாவது சாத்தலாம். இது அப்படி வரவில்லை. வெயில் கொளுத்துகிற நாளில், ஒரு பொட்டு மழை இல்லாமல், சாக்கடை மூடியின் ஓட்டைகள் வழியாகக் கொப்பளித்துக்கொண்டு வரும். அமாவாசையும் பௌர்ணமியும் அதற்கு முறைநாள். கொஞ்ச நேரம் தெருவில் உட்கார்ந்திருந்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போய்விடும். தெரு காய்ந்துவிடும். சுவர் காயாது. அடியில் ஊறிய உப்புத் தண்ணீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலச் செங்கல்லில் ஏறும். காரை பொரியும், உப்புப் பூக்கும், தொட்டால் மாவாக உதிரும்.

உதிர்வதைச் சுரண்டி எடுத்து, பட்டி தடவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே எண்ணெய்ப் பெயிண்டை இரண்டு பூச்சு இழுத்தால் ஒரு வருஷத்துக்குச் சுவர் கல்யாணப் பெண்போல நிற்கும். ஆனால் அதில் ஒரு சூட்சுமம் உண்டு. எண்ணெய்ப் பெயிண்ட் ஈரத்தை வெளியே விடாது. வெளியே வர வழியில்லாத தண்ணீர் என்ன செய்யும்? மேலே ஏறும். அடுத்த வருஷம் பட்டைக்கு மேலே உப்புப் பூக்கும், பட்டையை இன்னும் கொஞ்சம் ஏற்றி அடிக்க வேண்டியிருக்கும். இது பெயிண்டரம்மாவுக்குத் தெரியும். அவளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த புருஷனுக்கும் தெரியும். "நம்ம வேலையே நமக்கு வேலை குடுக்குது பாத்தியா?" என்று சொல்லிச் சிரிப்பார்.

அவர் வேறு இரண்டு விஷயங்களும் சொல்லிவைத்துவிட்டுப் போனார். ஒன்று, பெயிண்டருக்குக் கண் உண்டு, கை உண்டு, வாய் கிடையாது. யார் வீட்டுச் சுவர் எதுவரைக்கும் நனைந்திருக்கிறது என்பது அந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. இன்னொன்று, நூல் கோணினால் அன்றைக்கு வேலை கிடையாது. பட்டைக்குக் கோடு போடுவது நூலால்தான். நீலப் பொடியில் தோய்த்த நூலை ஆளுக்கொரு முனையாகச் சுவரோடு இழுத்துப் பிடித்து, நடுவில் ஒரு சுண்டு சுண்டினால் கோடு விழும். யார் கையாவது ஆடிவிட்டால் கோணலாக விழும். அப்படி விழுந்த அன்று அவர் டப்பாக்களை மூடிவிட்டுக் கிளம்பிவிடுவார். "சுவரு இன்னிக்கு வேணாங்குது. நாளைக்கு வந்து கேப்போம்" என்பார். மனிதருக்கு எதிலோ ஒன்றில் பயம் இருக்கத்தானே வேண்டும்.

டீச்சர் வீட்டு வேலை அவசர வேலையாக வந்தது. கொண்டுவந்தவன் சாவிக்கொத்து. வீடு வாங்க விற்க ஆள் பிடித்துக்கொடுக்கிறவன். காலி வீட்டுச் சாவிகளையெல்லாம் ஒரு வளையத்தில் கோத்து இடுப்பில் தொங்கவிட்டிருப்பான், ஆள் வருமுன் சத்தம் வந்துவிடும்.

"பெயிண்டரம்மா, வியாழக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடுத்திடணும். வெள்ளிக்கிழமை பார்ட்டி வீடு பாக்க வருது."

"ஓதம் அடிச்சு ஊறின சுவரு. பட்டி காய வேணாமா? ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்களேன்."

"ஞாயித்துக்கிழமை அமாவாசை" என்றான் சாவிக்கொத்து, பெண் பார்க்கிறவர்களைச் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு.

கடல் ஏறி இறங்கும் நேரம் அச்சடித்த அட்டை ஒன்று எப்போதும் அவன் சட்டைப் பையில் இருக்கும். மீன் பிடிக்கிறவர்களைவிட அவனுக்குத்தான் அது உயிர். "கடலுக்கு லீவு நாளாப் பாத்துத்தான் ஆளைக் கூட்டிட்டு வரணும். பாக்கறவங்க வீட்டைப் பாக்கணும், தண்ணியைப் பாக்கக் கூடாது" என்பான்.

வீடு கடலிலிருந்து மூன்றாவது தெருவில் இருந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் துணி துவைக்கிற கல். டீச்சர் முன்னமே சாமான்களை ஏற்றிக்கொண்டு, உள்ளூருக்குள் தங்கை வீட்டு மாடிக்குப் போய்விட்டிருந்தாள். முதல் தெரு முங்கும், இரண்டாவது தெரு நனையும், மூன்றாவது தெரு தப்பித்துவிடும் என்று வெளியிலிருப்பவர்கள் சொல்வார்கள். சுரண்டியை வைத்த மாத்திரத்தில் அந்தப் பேச்சு பொல பொலவென்று உதிர்ந்தது.

"அக்கா, இந்த உப்பைச் சலிச்சு வச்சா ஒரு மாசத்துக்குச் சமைக்கலாம் போலிருக்கே" என்றாள் ஒட்டடைக்குச்சி. பெயிண்டரம்மாவுக்குக் கூட்டாளி. ஏணி இல்லாமலே மூலை முடுக்கெல்லாம் எட்டுகிற உயரம். உடம்பில் சதை கிடையாது, நாக்கில் எலும்பு கிடையாது.

"வாயை மூடிட்டுத் தேய்டி."

"மூடிக்கிட்டுத்தான் தேய்க்கிறேன். தொறந்தா உப்பு உள்ள போகுது. யாரு வந்து மாட்டப் போறாங்களோ, பாவம்."

"வாங்கறவங்க தலையெழுத்து நமக்கெதுக்கு? நூலைப் பிடி."

நூல் சுண்டினாள். இடுப்பு உயரத்துக்குக் கோடு விழுந்தது, மயிரிழை பிசகாமல். பெயிண்டரம்மா ஓரடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். நல்ல வேலை செய்த நாளில் அவளுக்குப் பசிக்காது. அன்றைக்குப் பசிக்கவில்லை. வீட்டை வாங்க வருகிறவன் தான் பெற்ற பிள்ளைதான் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

மகன் லிஃப்ட் மெக்கானிக். பதினைந்து வயதில் தொழில் படிக்கப் போனவன், உள்ளே தள்ளியிருக்கிற பெரிய ஊரிலேயே தங்கிவிட்டான். போன வருஷம் அங்கேயே கல்யாணமும் ஆனது. மருமகள் மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். இருவரும் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். பெயிண்டரம்மா இங்கே முதல் தெருவில், வாடகை அறையில், கட்டிலின் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்துப் படுத்திருந்தாள். அம்மாவை அந்த அறையிலிருந்து மீட்க வேண்டும், அவள் தொழிலும் கெடாமல் பக்கத்திலேயே ஒரு வீடு பார்க்க வேண்டும் என்பது மகனுக்கு வைராக்கியம். நான்கைந்து வீடுகளுக்கு அவளை அழைத்துப்போய்க் காட்டியும் இருந்தான். அவள் சுவரை விரல்முட்டியால் தட்டிப் பார்ப்பாள், வேணாம் என்பாள். ஏன் என்று சொல்லமாட்டாள். வாய்தான் கிடையாதே!

"உங்கம்மா வீடு பாக்க வரலே. சுவத்துக்கு நாடி பாக்க வர்றாங்க" என்று மருமகள் சிரித்தாள். அதனால் இந்தத் தடவை, மூன்றாவது தெரு தப்பித்துவிடும் என்கிற பேச்சை நம்பி, முன்னமே ஏற்பாடு செய்துவைத்திருந்த வங்கிக் கடனில் அம்மாவுக்குச் சொல்லாமலே பத்திரம் முடித்துவிட்டான்.

அடுத்த வாரம் ஒரு காலையில் இருவரும் வந்து அவளை நடத்திக் கூட்டிப்போனார்கள். மூன்றாவது தெருவில் திரும்பியபோதே அவள் டீச்சர் வீட்டுக் கதவைத்தான் பார்த்தாள். மகன் சாவியைப் போட்டுத் திறந்தான்.

"நல்லாப் பாத்துக்கோம்மா. நம்ம வீடு!"

பெயிண்டரம்மா வாசல்படியிலேயே நின்றாள். கரும்பச்சை பளபளத்துக்கொண்டிருந்தது. அதில் அவள் முகமே தெரிந்தது.

"யாரு அடிச்சதுன்னு தெரியுதா?" என்றான் மகன். சந்தோஷத்தில் குரல் தெறித்தது. "சாவிக்கொத்து சொன்னாரு. 'தம்பி, இது உங்கம்மா கை பட்ட வீடு. சுவத்தைப் பத்தி ஒரு கேள்வி கேக்க வேணாம்'னாரு. நான் கேக்கவே இல்லே. வேற எந்த வீட்டுக்கும் இந்த கேரண்டி உண்டா?"

மருமகள் கோட்டின்மேல் ஒரு விரலை வைத்து அறையைச் சுற்றி நடந்தாள். "எவ்ளோ நேரா இருக்கு, அத்தை! எங்க கடைச் சுவத்துல ரெண்டு கலரும் சேர்ற இடம் பாம்பு போன மாதிரி இருக்கும். இதைப் பாத்ததுமே எனக்கு இதுதான் வீடுன்னு தோணிடுச்சு."

இருபது வருஷத்துக்குத் தலையை வங்கியில் அடகு வைத்த பிள்ளை, பூரித்துப்போய் நிற்கிறான். பெயிண்டரம்மா வாயைத் திறந்தாள். முப்பது வருஷமாகத் திறக்காத கதவு, துருப்பிடித்திருந்தது. "நல்லாருக்குப்பா" என்ற ஒரு வார்த்தைதான் அதன் வழியே வெளியே வந்தது.

நேராகச் சாவிக்கொத்திடம் போனாள். அவன் தன் கடையின் இரும்புக் கதவுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். உப்புக் காற்றில் அதன் கீழ்ப்பாதி ஜல்லடையாகியிருந்தது.

"தெரிஞ்சேதான் செஞ்சியா?" என்றாள். அதுவரை அவனை அவள் ஒருமையில் பேசியதில்லை.

"தெரியாம எப்படி? உங்க பையனாச்சேன்னுதான் உங்களையே கூப்பிட்டேன். வேற ஆளு அடிச்சிருந்தா ஆறு மாசத்துல பல்லைக் காட்டியிருக்கும்."

"என் பேரைச் சொல்லி வித்திருக்கியே!"

"நல்ல பேரு, நான் என்ன பண்ண?" சாவிக்கொத்து எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "இதபாருங்க பெயிண்டரம்மா. சுவத்தைப் பத்தி நான் ஒரு பொய்யும் சொல்லலே. நான் வாயைத் தொறந்தேனா? நீங்க தொறந்தீங்களா? சுவரு பேசிச்சு, உங்க பையன் கேட்டுக்கிட்டான். இந்தத் தெருவுல இதுவரைக்கும் வித்த வீடு பூரா அப்படித்தான் வித்துது. அப்பெல்லாம் நீங்க வந்து என் சட்டையைப் பிடிக்கலியே?"

அவளுக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கதவை ஓர் உதை விட்டிருக்கலாம். விட்டிருந்தால் கால் உள்ளே போயிருக்கும்.

டீச்சரைத் தேடி மாடிப்படி ஏறினாள். டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்து, பெட்டியிலிருந்து எடுத்த புத்தகங்களை வெயிலில் விரித்துவைத்துக்கொண்டிருந்தாள். அட்டைகளெல்லாம் ஈரத்தில் அப்பளம்போல உப்பியிருந்தன.

"என் பையன்னு உங்களுக்குத் தெரியுமா, டீச்சர்?"

"கையெழுத்துப் போடறப்பத்தான் தெரிஞ்சுது" என்றாள் டீச்சர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. "பேனாவைக் கையில எடுத்தப்புறம்."

"கீழ வச்சிருக்கலாமே!"

"வச்சிருக்கலாம்" என்று டீச்சர் ஒப்புக்கொண்டாள். "உனக்கு ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. நான் அந்த வீட்டை வாங்கறப்ப பட்டை முழங்கால் அளவு. உன் வீட்டுக்காரர் அடிச்சது. என்ன நேர்த்தி! அதைப் பாத்துத்தான் நானும் வாங்கினேன். முதல் பௌர்ணமிக்கே குளியலறையில தண்ணி வந்துடுச்சு. ஓடிப்போய் உன் வீட்டுக்காரரைத்தான் கேட்டேன். என்ன சொன்னார் தெரியுமா?"

பெயிண்டரம்மா உப்பியிருந்த ஓர் அட்டையை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"'கவலைப்படாதீங்க டீச்சர், கொஞ்சம் மேல ஏத்தி அடிச்சிடலாம்'னார். அன்னியிலேர்ந்து ஏத்திக்கிட்டேதான் இருந்தேன். என் வயசும் ஏறிடுச்சு. என் தலையில எவன் எதைக் கட்டினானோ, அதை நான் உன் பையன் தலையில கட்டிட்டேன். வேற யார் தலையாவது கிடைச்சிருந்தா நீ இந்தப் படி ஏறி வந்திருப்பியா?"

வந்திருக்கமாட்டாள். அது அவளுக்கே தெரிந்ததால் படி இறங்கிவிட்டாள். எவர்மேலும் கோபப்பட முடியாதபடி கோபம் வருவதைப்போல ஒரு கொடுமை கிடையாது. அது எங்கே போகும்? அதுவும் மேலேதான் ஏறும்.

குடி புகுந்தார்கள். மருமகள் ஜன்னலுக்குத் திரை தைத்தாள், கரும்பச்சைக்குப் பொருந்துகிற இளமஞ்சளில். மகன் அம்மாவின் கட்டிலைக் கொண்டுவந்து போட்டு, "இனிமே செங்கல் வேணாம்மா" என்று செங்கற்களைக் கொல்லையில் அடுக்கினான். பெயிண்டரம்மா அவற்றில் நான்கை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு நாளும் காலையில் சொல்லிவிடலாம் என்று எழுந்திருப்பாள். மருமகள் பாட்டுப் பாடிக்கொண்டு வாசலைக் கூட்டிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் பார்ப்போம் என்று பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் பட்டை அடிக்கப் போய்விடுவாள். கடல் காத்திருக்காது என்று அவளுக்குத் தெரியும். அது சொல்லிவிட்டால் நாம் சொல்ல வேண்டாமே என்றுகூட ஓர் ஆசை இருந்தது.

பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. நடு மத்தியானம், மூவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். குளியலறைப் பக்கம் குபுக் குபுக்கென்று ஒரு சத்தம், கழுத்து குறுகின பானையில் தண்ணீர் மொள்வதுபோல. மருமகள் எழுந்து போய்ப் பார்த்தாள்.

"என்னங்க! ஜலதாரையிலேர்ந்து தண்ணி மேல வருது!"

"அடைப்பா இருக்கும்" என்று மகன் கம்பியை எடுத்துக்கொண்டு போனான். ஊரில் இருக்கிற உயரமான கட்டடங்களில் எல்லாம் மேலே போனதைக் கீழே இறக்கத் தெரிந்தவன். கம்பி தடங்கலில்லாமல் உள்ளே போனது, அடைப்பே இல்லை. தண்ணீர் அவன் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு நிதானமாக வெளியே வந்து, அறையைத் தாண்டி, இளமஞ்சள் திரையின் ஓரத்தை நனைத்தது. மருமகள் குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். மருந்துக் கடைக்காரி அல்லவா, எதையும் ருசி பார்த்துத்தான் நம்புவாள்.

"உப்பு" என்றாள்.

பெயிண்டரம்மா சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். பையிலிருந்து சுரண்டியை எடுத்தாள். வாய்க்கு வராதது கைக்கு வந்தது. அலமாரிக்குப் பக்கத்தில், பளபளவென்றிருந்த கரும்பச்சையில் சுரண்டியை வைத்து ஓர் இழு இழுத்தாள். பெயிண்ட் தோல்போல உரிந்து வந்தது. அடியில் வெள்ளையாக மாவு பூத்திருந்தது. மாவுக்கு அடியில் செங்கல் வியர்த்திருந்தது. உள்ளங்கை அகலம் உரித்துவிட்டு நிறுத்தினாள்.

மகன் அந்த இடத்தையே பார்த்தான். "இது எப்பலேர்ந்து?"

"நீ பிறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து."

"உனக்கு எப்ப தெரியும்?"

"அடிச்சவளே நான்தானேடா."

அவன் கையிலிருந்த கம்பியைச் சுவரோரம் சாய்த்து வைத்தான், மிகப் பத்திரமாக, உடையக்கூடிய சாமானைப்போல. மருமகள்தான் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் வந்து கடைசியில் வேறு எதுவாகவோ ஆகிவிட்டது.

"கேரண்டி!" என்றாள். "கேரண்டின்னு சொன்னாரே, அத்தை!"

அதன்பிறகு சில நாள் மகன் வேலைக்குப் போனான், வந்தான். அம்மா போட்ட சோற்றைத் தின்றான், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மருமகள் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்த அந்த இடத்தை மறைத்து ஒரு காலண்டர் மாட்டினாள். இரண்டே நாளில் காலண்டரின் தாள்கள் முறுக்கிக்கொண்டன. பெயிண்டரம்மா திட்டுக்காகக் காத்திருந்தாள். நான்கு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டானானால் நிம்மதியாக இருக்கும் என்று தோன்றியது. அவன் கேட்கவில்லை.

ஒருநாள் காலையில் வாசலில் சாவிச் சத்தம் கேட்டது. மகன் வெளியே போய் மெதுவான குரலில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தான். உள்ளே வந்தபோது பல நாளுக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

"அம்மா, அடுத்த வாரம் ஒரு பார்ட்டி வருதாம்."

"எதுக்கு?"

"வீடு பாக்கத்தான். கவலைப்படாதே. கொஞ்சம் மேல ஏத்தி அடிச்சிடலாம்."

அப்பன் டீச்சரிடம் சொன்னதை அவன் கேட்டதில்லை. கேட்காமலே அதே வார்த்தை, அதே இறக்கத்தில் வந்தது. பெயிண்டரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கை ஈரமானது.

"வர்றது யாருடா?"

"புதுசா கல்யாணமானவங்களாம்."

"உங்களை மாதிரியா?"

"எங்களை மாதிரிதான்."

"வேணாம்டா. யாரு பெத்ததோ. அது தலையில கட்டாதே. வர்றவங்ககிட்ட உள்ளதைச் சொல்லிடுவோம்."

"சொல்லுவோம்" என்றான் மகன். குரல் உயரவே இல்லை. "சொல்லிட்டு இந்த வீட்லயே இருப்போம். எனக்குக் கடன் இருபது வருஷம். கடல் அவ்ளோ நாள் குடுக்குமா, சொல்லு. நீதான் சுவத்துக்கு நாடி பாக்கறவளாச்சே. குடுக்கும்னு சொல்லு, நான் இங்கயே இருக்கேன்."

பெயிண்டரம்மா ஈரமான உள்ளங்கையைப் புடவையில் துடைத்தாள்.

அடுப்படியிலிருந்து மருமகள் வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். கோபமாகக்கூட இல்லை, களைத்திருந்தாள். "அத்தை, இந்த மூணு தெருவுக்கும் நீங்கதான் அடிச்சிருக்கீங்க. யாரு வர்றாங்கன்னு எந்த வீட்டுக்காவது கேட்டீங்களா? நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன் கேக்கறீங்க?"

கேள்வி என்னவோ மெல்லத்தான் வந்தது. முதல் தெரு, இரண்டாவது தெரு, மூன்றாவது தெரு என்று ஒவ்வொரு வீட்டுச் சுவரும் அவள் கண்முன்னால் வரிசையாக நின்று, பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆமாம் ஏன் கேட்கிறாய் என்று கேட்டன. எத்தனையோ பெண்கள் அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்து அறையைச் சுற்றி நடந்திருப்பார்கள். அவர்களில் ஒருத்தியையும் அவள் பார்த்ததில்லை. வேலை முடிந்தால் போய்விடுவாள், அடுத்த வருஷம் கூப்பிட்டால் வருவாள்.

அந்த வாரம் சுரண்டினாள், பட்டி தடவினாள். இந்தத் தடவை ஒரு வருஷம்கூடப் பொறுக்காமல் மார்புக்கு மேலேகூட ஈரம் வந்திருந்தது. இரும்பு ஆணி ஒன்றைப் பிடுங்கினாள், கையோடு வந்து பொடியானது. நூல் போடுகிற அன்றைக்கு ஒட்டடைக்குச்சி வரவில்லை. "உங்க வீட்டுக்கு நான் வரமாட்டேன்க்கா. மத்த வீடுன்னா என் வாய் சும்மா இருக்கும், உங்க வீட்ல இருக்காது" என்று சொல்லியனுப்பியிருந்தாள். எலும்பில்லாத நாக்குக்கும் எங்கேயோ ஒரு முள் குத்தியிருக்கிறது.

"நான் பிடிக்கிறேன்மா" என்று மகன் வந்தான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டப் போனான், ஆணி இல்லை. மருமகள் தோளில் போட்டான்.

பெயிண்டரம்மா நூலை நீலப் பொடியில் தோய்த்து ஒரு முனையை அவனிடம் கொடுத்தாள். அவன் சுவரின் அந்த மூலையில் நின்றான், இவள் இந்த மூலையில்.

"எவ்ளோ உயரம்?" என்றான்.

"நெஞ்சுக்கு மேலே."

"உன் நெஞ்சா, என் நெஞ்சா?"

"உன்னுது" என்றாள். "கொஞ்ச நாளாவது தாங்கட்டும்."

அவன் நூலை உயர்த்தினான். அவளும் கையைத் தூக்கினாள், அவளுக்கு அது கழுத்தருகே வந்தது. நூல் விறைத்து நின்றது. அவனுக்கு இது பழக்கமில்லாத வேலை. சின்ன வயதில் ஒரு தடவைகூட அவனை நூல் பிடிக்க விட்டதில்லை. இந்தத் தொழில் என்னோடு போகட்டும் என்றுதானே படிக்க அனுப்பினாள். பழக்கமில்லாத கை ஆடும். கட்டாயம் ஆடும். கோடு கோணினால் அன்றைக்கு வேலை கிடையாது, அது அவள் புருஷன் போட்ட சட்டம், யாரும் மீற முடியாது. டப்பாவை மூடிவிடலாம். நாளைக்கு வந்து சுவரைக் கேட்கலாம். அதற்குள் பார்ட்டி வந்து, உள்ளதைப் பார்த்துவிட்டுப் போய்விடலாம். அவள் இவ்வளவும் நினைத்துக்கொண்டு நூலின்மேல் விரலை வைத்தபடியே நின்றாள்.

தெருவில் சாவிகள் குலுங்குகிற சத்தம் தூரத்தில் கேட்டது.

"சுண்டும்மா" என்றான் மகன்.

சுண்டினாள். நீலப் பொடி புகைபோலக் கிளம்பி அடங்கியது. அவள் ஓரடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அந்த மூலையிலிருந்து இந்த மூலைவரை, அப்பன் கையில் விழுந்ததுபோலவே விழுந்திருந்தது. மயிரிழைகூடக் கோணவில்லை.

பெயிண்டரம்மா குனிந்து டப்பாவைத் திறந்தாள்.